கபீர் போட்ட பெட்டிங்

பெட்டிங் என்ற சொல் முதன்முதலில் அந்த வீட்டுக்குள் வந்தபோது அஜீசுன்னிசா அதைச் சூதாட்டம் என்றுதான் நினைத்தாள். கொல்லையில் உட்கார்ந்து மீன் செதில் உரசிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்திவிட்டு, நோன்பு பிறக்கப்போகிற நேரத்தில் வாப்பாவும் மகளும் சேர்ந்து பெட்டிங் கட்டப்போகிறீர்களாக்கும், நன்றாக விளங்கும் என்றாள். கபீருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இது கட்டுகிற பெட்டிங் இல்லை, போடுகிற பெட்டிங் என்று விளக்கினார். கப்பலில் இன்ஜினை உட்காரவைக்க பெட் போடுவார்கள் அல்லவா, அதேபோல் மகள் சஜிதாவின் துப்பாக்கிக்கும் போடவேண்டுமாம்.

"ஆடாம அசையாம உக்காரவைக்கணும் புள்ள. அவ்வளவுதான். இத்தன வருஷம் கப்பல்ல வேற என்னத்தச் செஞ்சேன்?"

அது வாஸ்தவம்தான். கபீர் கல்யாணத்துக்கு முன்பே கப்பலேறியவர், ஃபிட்டர் வேலை. ஊரில் இருந்த நாட்களைவிட இன்ஜின் அறையில் இருந்த நாட்கள்தான் அதிகம். மூட்டு தேய்ந்து கரைக்கு வந்து சேர்ந்தபின் திருமலைராயன்பட்டினத்து வீட்டில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் முடுக்கினார். குழாயை முடுக்கினார், கதவுத் தாழ்ப்பாளை முடுக்கினார், ஃபேனை முடுக்கினார். அவர் மூடிவைத்த ஊறுகாய் பாட்டிலைத் திறக்க அவரே வரவேண்டும். பக்கத்து வீட்டு நஸ்ருதீன், கபீர் நானா கைபட்ட திருகு உலகம் அழிகிற கியாமத் நாளில்தான் கழலும் என்று சொல்லிச் சிரிப்பார். அஜீசுன்னிசாவுக்குச் சிரிப்பு வருவதில்லை. கழற்ற முடியாத குழாயோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் அவள்தானே.

இரண்டு பிள்ளைகள். மூத்தவன் தௌஃபீக் ஷார்ஜாவில் இருக்கிறான். இளையவள் சஜிதா காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். முப்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணப் பேச்சு வந்து வந்து, இப்போது வருவதும் நின்றுவிட்டது. அவளுக்குக் கல்லூரியில் என்.சி.சி.யில் தொற்றிக்கொண்டது இந்தத் துப்பாக்கிப் பைத்தியம். தரையில் குப்புறப் படுத்து ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு கறுப்புப் பொட்டைச் சுடவேண்டும். புதுச்சேரியில் சுடுவதை நிறுத்திவிட்ட ஒருவரிடமிருந்து லைசென்ஸ் மாற்றி வாங்கிய பழைய ஜெர்மன் துப்பாக்கி அவளுடையது. துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று அஜீசுன்னிசா இரண்டு ரக்அத் அதிகமாகத் தொழுதாள். அலமாரிச் சாவியைத் தன் இடுப்பிலேயே முடிந்து வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளாகவே அதில் குண்டுகள் சிதறின. ஒன்று பொட்டில் விழுந்தால் அடுத்தது ஓரத்துக்குப் போனது. புதுச்சேரிப் பயிற்சியாளர் ஜான்பீட்டர் திருகிப் பார்த்துவிட்டு, கை சரியாகத்தான் இருக்கிறது, கட்டைதான் சரியில்லை என்றார். குண்டு ஏறி வெடிக்கிற இரும்புப் பகுதிக்கு ஆக்‌ஷன் என்று பெயர். சிலவற்றில் அது உருண்டையாக இருக்கும். இதில் இரண்டு பக்கமும் தட்டையாக, செங்கல் மாதிரி இருந்தது. அது மரக்கட்டையில் குடைந்த பள்ளத்துக்குள் இறங்கி உட்கார வேண்டும். கடற்காற்றில் மரம் ஊதிச் சுருங்கி, பள்ளம் தளர்ந்துவிட்டது. பள்ளத்தின் அடியில் ரெசின் ஊற்றி, ஆக்‌ஷனை அதில் அமுக்கி இறுகவிட்டால் அச்சு எடுத்ததுபோல் இடம் அமையும். அதற்குப் பெயர்தான் பெட்டிங். அதைச் செய்கிறவர்கள் வடக்கே எங்கோ இருந்தார்கள். தேர்வுப் போட்டி நாளோ கூப்பிடு தூரத்தில் இருந்தது. சஜிதாவுக்கு இதுதான் கடைசிப் போட்டி. அடுத்த வருஷம் இதற்கெல்லாம் லீவு கிடையாது என்று பள்ளியில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள்.

"நீங்களே போட்டுத் தர்றீங்களா வாப்பா?" என்று அவள் கேட்டாள்.

சின்ன வயதில் அவள் வாப்பாவிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்க அவர் ஊரில் இருந்ததில்லை. அஜீசுன்னிசாவுக்கு அது நன்றாகத் தெரியும். கபீர் அன்று முழுக்க வீட்டுக்குள் மூட்டுவலி இல்லாதவர்போல நடந்தார்.

துறைமுகம் போகிற வழியில் ஃபைபர் படகு கட்டுகிறவர்களிடம் ரெசின் வாங்கிவந்தார். நோன்பு பிறந்திருந்தது. சஹருக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டு, சுபுஹு தொழுதுவிட்டு, வெயில் ஏறுமுன் முற்றத்தில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார். உளியால் பள்ளத்தைச் சுரண்டினார். ஆக்‌ஷனுக்கு மெழுகு தேய்த்துத் துணியால் துடைத்து மறுபடி தேய்த்தார். மெழுகிருந்தால் ரெசின் இரும்போடு ஒட்டாது. ஜான்பீட்டர் போனில் சொன்னபடி சஜிதா இரண்டு பக்கத் தட்டையிலும் டேப் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். அடிப்பக்கம் மட்டும்தான் ரெசினில் உட்கார வேண்டும், பக்கவாட்டில் டேப் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள் என்று செருப்பு மாட்டும்போதும் சொன்னாள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அஜீசுன்னிசா, கபீர் அந்த டேப்பை நகத்தால் உரிப்பதைப் பார்த்தாள்.

"அது அவ ஒட்டுனதாச்சே."

"பக்கத்துல எடம் விட்டா ஆடும் புள்ள. இன்ஜினுக்கு அடி பெட்டை விட சைடு பெட்டுதான் முக்கியம். பேப்பர்ல படிச்சிட்டுச் சொல்றவனுக்கு அது எப்படித் தெரியும்?"

அவள் முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். நாக்கு வறண்டிருந்தது, வாதாடத் தெம்பில்லை. துப்பாக்கி விஷயத்தில் தனக்கு என்ன தெரியும் என்றும் நினைத்துக்கொண்டாள். கபீர் ரெசினைக் குழைத்து ஊற்றி, ஆக்‌ஷனை இறக்கி, சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். வழிந்ததைத் துடைத்தார். பிறகு பள்ளிவாசல் கஞ்சி வாங்கத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, திருப்தியான மனுஷனாக அசர் தொழுகைக்குப் போனார்.

மறுநாள் அது கழலவில்லை.

திருகுகள் வந்துவிட்டன. ஆக்‌ஷன் வரவில்லை. மரச் சுத்தியலால் தட்டினார், குழலைப் பிடித்து இழுத்தார், தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். சஜிதா பள்ளியிலிருந்து வந்து ஹேண்ட்பேகைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள். டேப் எங்கே என்று கேட்டாள். கபீர் சுவரைப் பார்த்தார். செங்குத்தான இரண்டு தட்டைப் பக்கங்களையும் ரெசின் மயிரிழை இடைவெளி இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு இரும்பின் பக்கத்தில் அடைக்க விட்டுப்போன ஒரு துளைக்குள்ளும் புகுந்து ஆணி அடித்ததுபோல் இறுகியிருந்தது.

மகள் கத்துவாள் என்று அஜீசுன்னிசா காத்திருந்தாள். சஜிதா கத்தவில்லை. இப்படியே இருந்தாலும் சுடலாம் வாப்பா, சில பேர் வேண்டுமென்றே இப்படி ஒட்டிச் சுடுகிறார்கள் என்றாள். அது மெய்யா, ஆறுதலுக்குச் சொன்னதா என்று அஜீசுன்னிசாவுக்குப் பிடிபடவில்லை. கபீர் மட்டும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கஞ்சி குடிக்கும்போது, இனிமேல் அது இந்த ஜென்மத்துக்கும் ஆடாது என்று தாமே சொல்லிக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் இதைக் கதையாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரமே தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். போட்டியில் சுடுகிறவர்களுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் அதற்கும் முதலில் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காட்டி, நம்பரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஏட்டு தெட்சிணாமூர்த்தி வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே, மரியாதையாகத்தான் சொன்னார்.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடுங்க டீச்சர். ரிசீவர் நம்பரைப் பாத்துத்தான் வாங்குவோம். இந்தத் தடவ ரொம்ப கெடுபிடி."

பைக் தெருமுனை திரும்பியதும் சஜிதா அலமாரிச் சாவிக்காக உம்மாவிடம் கை நீட்டினாள். நம்பர் ஆக்‌ஷனின் இடது தட்டையில், கட்டைக்குள் இறங்குகிற பகுதியில் அடித்திருந்தது. ஏட்டு ரிசீவர் என்றதும் அதே இரும்பைத்தான். வழக்கமாகத் திருகைக் கழற்றித் தூக்கிக் காட்டினால் போதும். இப்போது அது ரெசினுக்கும் மரத்துக்கும் உள்ளே இருந்தது.

அன்று பகல் முழுக்க வீட்டில் அந்த ஒரே வேலைதான். ஜான்பீட்டரிடம் கேட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி இரும்பின்மேல் வைத்தார்கள். மெழுகு நாற்றம் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. சூட்டுக்கு வராதது குளிருக்கு வரும், இரும்பு சுருங்கும் என்றார் கபீர். துறைமுகத்தில் மீனுக்குப் போடுகிற ஐஸை நஸ்ருதீன் மீன் பெட்டியோடு ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தார். கொல்லையில் சாக்கை விரித்து, ஐஸை உடைத்துக் கல்லுப்பு தூவி, துப்பாக்கியை அதன்மேல் கிடத்தினார்கள். அஜீசுன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து ஐஸைத் தள்ளித் தள்ளி மூடினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. சில்லென்ற தண்ணீர் கைவழியே ஓடியது. ஒரு துளி உதட்டில் வைக்க முடியாது. பூனைகள் இரண்டு மீன் வாடைக்கு வந்து, காலிப் பெட்டியைப் பார்த்து ஏமாந்துபோய் மதிலேறிவிட்டன. ஐஸ் கரைந்து கொல்லை முழுக்கச் சேறானதுதான் மிச்சம்.

மறுநாள் காலை மூன்று பேரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே துப்பாக்கி கிடந்தது. 

"நேரா போயி உள்ளதச் சொல்லிருவோம் உம்மா" என்றாள் சஜிதா. "ஒட்டிக்கிச்சு, நம்பரு உள்ள இருக்கு, பேப்பரெல்லாம் சரியா இருக்குன்னு. என்ன பண்ணிருவாங்க?"

"என்ன பண்ணுவாங்களா? ஒங்க சஃபியுல்லா மாமாட்ட போயிக் கேளு."

சஃபியுல்லா அஜீசுன்னிசாவின் தம்பி. போலகத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். சில வருஷங்களுக்கு முன் வெளியூர்ப் போலீஸ் வந்து விசாரணைக்கு என்று கூட்டிப்போனது. அவர்கள் தேடிய ஆளுக்கும் அதே பெயர், அதே தகப்பன் பெயர். ஆள் மாறிவிட்டது பாய், மன்னிச்சுக்குங்க என்று சொல்லி டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்கள். யாரும் ஒரு அடி அடிக்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவன் கடை ஷட்டரை முழுக்கத் தூக்குவதில்லை. பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பான். ஆட்கள் குனிந்துதான் துணி வாங்கப் போகவேண்டும்.

"அது வேற உம்மா. இங்க எல்லாரும் தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கதான். நல்லவங்கதான். நான் இல்லைங்கல." அஜீசுன்னிசாவின் குரல் உயரவில்லை, களைத்துத்தான் இருந்தது. "ஆனா ஒரு காயிதத்துல எழுதணும்ல? இன்னார் வீட்டுல நம்பரு தெரியாத துப்பாக்கின்னு எழுதுனா, அந்த எழுத்து இந்த ஊரோட நிக்குமா? எங்கெங்க போவும், யாரு யாரு படிப்பாங்க, ஒனக்குத் தெரியுமா? வேற வீடா இருந்தா சிரிச்சிட்டு விட்டுருவாங்கம்மா. இது நம்ம வீடு. ஒங்க அண்ணன் வெளிநாட்டுல இருக்கான். நாளைக்கு அவன் ஏர்போர்ட்ல வந்து எறங்கணும்."

  உம்மாவின் பயம் பொய் என்று சொல்ல சஜிதாவால் முடியவில்லை.

"இந்தாங்க" என்றாள் அஜீசுன்னிசா கணவனைப் பார்த்து. "நம்பரு இருக்குற எடத்துல கட்டைய வெட்டி எடுத்துருங்க."

கபீர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்றா, முடியாது என்றா தெரியவில்லை. அந்தப் பக்கம் மரம் மெலிசு, வெட்டினால் நிற்காது, துப்பாக்கி போய்விடும் என்றார். நான் கெடுத்தது போதும் என்றார். அவர் அப்படிச் சொல்லி அஜீசுன்னிசா கேட்டதில்லை. வாழ்க்கையில் அவர் முடுக்கிய எதற்கும் வருத்தப்பட்டதே இல்லை.

கடைசியில் மகள்தான் முடித்துவைத்தாள்.

"வெட்டுங்க வாப்பா."

அவர் பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் கீறினார். நோன்பு பிடித்த கை, உளி பிடித்ததும் நிதானமாகிவிட்டது. விரல் அகலத்துக்கு மரம் சீவல் சீவலாக வந்தது. பிறகு மஞ்சளாக ரெசின் தெரிந்தது. அதைச் சுரண்டியபோது இரும்பு மின்னியது. இரண்டு எழுத்து, அப்புறம் ஒரு ஏழு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் என்று உளியைச் சாய்த்து ஒரு தட்டு தட்டினார். மரம் பிளந்தது. கட்டத்தின் மூலையிலிருந்து கிளம்பிய வெடிப்பு, கை பிடிக்கிற இடம் வரைக்கும் ஓடி நின்றது. பக்கச் சுவர் முழுதும் ஒரு பலகையாகக் கபீரின் மடியில் விழுந்தது.

அதற்குப் பிறகு ஆக்‌ஷன் தானாகவே கையோடு வந்துவிட்டது.

கீழே அவர் போட்ட பெட் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு குமிழ் இல்லை, ஒரு பள்ளம் இல்லை. இரும்பின் ஒவ்வொரு விளிம்பும் அதில் பதிந்திருந்தது. சஜிதா அதை விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நல்லாப் போட்டிருக்கீங்க வாப்பா என்றாள். அது மெய்தான் என்பது அஜீசுன்னிசாவுக்குக்கூடத் தெரிந்தது. கபீர் எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார்.

போட்டிக்கு முன் புதுக் கட்டை கிடைக்காது. இனி விலக்குக் கேட்டுப் பயனில்லை, துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

அசர் தொழுதுவிட்டு அஜீசுன்னிசாவும் மகளோடு கிளம்பினாள். தனியாக அனுப்ப மனம் வரவில்லை. பிளந்த கட்டையை டேப் சுற்றிச் சேர்த்து, நம்பர் தெரிகிற இடத்தை மட்டும் விட்டு, உறைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டாள் சஜிதா. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அதைப் பிள்ளையைப்போல் மடியில் குறுக்காகப் பிடித்துக்கொண்டாள் அஜீசுன்னிசா. கடைத்தெருவில் இறால் வாடா பலகாரம் பொரிக்கிற மணம் அடித்தது. தேர்தலுக்காகக் கட்சிக் கொடிக்கம்பங்களுக்கெல்லாம் துணி சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேஷனில் ரைட்டர் மதியழகன் நான்கு பேருக்கு நடுவே எழுதிக்கொண்டிருந்தார். வாங்க டீச்சர், உக்காருங்கம்மா, நோன்பு நேரத்துல அலையவைக்கிறோம் என்றார். அவர் மகள் சஜிதாவின் பள்ளியில்தான் படிக்கிறாளாம், கபடியில் சேர்த்துவிட்டதற்கு நன்றி சொன்னார். லைசென்ஸை வாங்கி, அதில் இருந்த நம்பரைப் பார்த்து நோட்டில் எழுதினார். சஜிதா உறையின் ஜிப்பில் கைவைத்தாள்.

"இருக்கட்டும் டீச்சர், எதுக்குப் பிரிச்சுக்கிட்டு" என்றார் அவர். "நம்பருதான் லைசென்ஸ்லயே இருக்கே. நீங்க என்ன வேற துப்பாக்கியா கொண்டாரப் போறீங்க?"

சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு போலீஸ்காரர் வந்து உறையை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கேட்டைத் தாண்டும் வரைக்கும் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

 வழியில் சஜிதா தன்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அஜீசுன்னிசாவுக்கு. வெட்டச் சொன்னது நான், நான்தான் என்று மனம் அடித்துக்கொண்டது. அந்த ரைட்டர் நல்லவராக இருந்ததுகூட அவளுக்குத் தாங்கவில்லை. அவர் உறையைப் பிரித்து, உருட்டிப் பார்த்து, நாலு கேள்வி கேட்டிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் கபீர் எல்லாம் எடுத்துவைத்திருந்தார். பாய் விரித்து, கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றி, பேரீச்சம்பழத்தை மூன்று பங்காக வைத்திருந்தார். மரச் சீவல்களைக் கூட்டி அள்ளியிருந்தார். நோன்பு திறக்கிற பாங்குக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. அவர் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்பரப் பாத்தாங்களா?"

சஜிதா வாய் திறந்தாள். அஜீசுன்னிசா முந்திக்கொண்டாள். நோன்பு பிடித்த வாயால் பொய் சொல்லக் கூடாது. நோன்பு திறந்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி நழுவியிருக்கலாம், சில நிமிடம்தானே. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் அந்தச் சில நிமிடம் அவரைக் காக்கவைக்க அவளால் முடியவில்லை.

"பாத்தாங்க" என்றாள். "டார்ச் அடிச்சு, ஒவ்வொரு எழுத்தா, லைசென்ஸோட வெச்சு வெச்சுப் பாத்தாங்க. நல்ல வேளை நீங்க வெட்டுனீங்க."

சஜிதா உம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கபீர் பெருமூச்சு விட்டு, மூட்டைப் பிடித்தபடி மெல்லப் பாயில் உட்கார்ந்தார். "இல்லாட்டி பெரிய வம்பாப் போயிருக்கும்ல?" என்றார்.

"ஆமாங்க" என்றாள்.

பாங்கு சொன்னார்கள். மாதவிலக்கு நின்ற வருஷத்திலிருந்து அஜீசுன்னிசாவுக்கு, விட்டுப்போன நாளுக்கு ஈடாகப் பின்னால் பிடிக்கிற களா நோன்பு என்று ஒன்று கிடையாது. ரமலானில் ஒன்றுகூட விடாமல் பிடித்துவிடுவாள். பெருநாள் கழிந்ததும் இன்றைய கணக்குக்கு ஒன்று பிடித்துவிடலாம், யாராவது கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துகொண்டு, பழத்தை வாயில் போட்டாள்.